பாட்டுக்காரர் வராத கச்சேரி

ஈரோட்டுப் பக்கம் ஊர் நோம்பிக்கு ஆர்க்கெஸ்ட்ரா வைத்தால் ஒரு காட்சி தவறாது. நோட்டீஸில் இரவு எட்டு மணி என்று போட்டிருப்பார்கள். எட்டரைக்கு மேடையில் டிரம்ஸ், கீபோர்டு, கிதார் எல்லாம் தயார். பாட்டுக்காரர் மட்டும் இன்னும் பெருந்துறை தாண்டவில்லை என்று போன் வரும். விழாக் கமிட்டியில் ஒருவர் மேடையோரம் வந்து, "ஏனுங்ணா, கூட்டம் உக்காந்துருச்சு, எதையாச்சும் வாசிச்சு உடுங்க" என்பார். அப்போதுதான் இன்ஸ்ட்ருமென்டல் வரும். பழைய பாட்டு ஒன்றின் மெட்டைக் கிதார்க்காரர் எடுத்து வாசிப்பார். கூட்டத்தில் பாதி மிளகாய் பஜ்ஜிக் கடையில் நிற்கும். பாட்டுக்காரர் வந்து மைக்கை இரண்டு தட்டுத் தட்டியதும் கிதார் பின்னால் போய்விடும்.

இருபது வருஷம் அப்படி வாசித்த நண்பர் ஒருவர் இப்போது கவுந்தப்பாடிப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். போன மாதம் அவர் கடையில் உட்கார்ந்து பிரிட்டிஷ் ராக் இசைக்காரர் பீட்டர் ஃபிராம்ப்டனின் 'ஃபிராம்ப்டன் ஃபர்கெட்ஸ் தி வேர்ட்ஸ்' ஆல்பத்தைப் போட்டுக் காட்டினேன். 2021 ஏப்ரலில் வந்தது. மொத்தம் பத்துப் பாட்டு. பத்தும் வேறு ஆட்களுடையவை. பாடுகிற குரல் கிடையாது, கிதார்தான் பாடகர். தலைப்புக்கே 'ஃபிராம்ப்டனுக்கு வரிகள் மறந்துபோச்சு' என்றுதான் அர்த்தம்.

நண்பர் இரண்டு பாட்டைப் பொறுமையாகக் கேட்டார். "பாட்டுக்காரரு வர்ற வரைக்கும் நாங்க வாசிக்கறதை இவரு ஆல்பமாவே போட்டுட்டாராட்ட இருக்குதுங்க" என்று சிரித்தார். ஆளைப் பற்றி நான் கொஞ்சம் சொன்னதும், "ஏனுங், இவரே பாட்டுக்காரருதானுங்களே? அப்புறம் எதுக்குப் பாடாம உட்டாரு?" என்றார்.

நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஐம்பது வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

ஃபிராம்ப்டன் 1950இல் லண்டனை ஒட்டிய பெக்கன்ஹாமில் பிறந்தவர். ஏழு வயதில் வீட்டுப் பரணில் பாட்டியின் பேன்ஜோலேலே கையில் சிக்கியது. பேன்ஜோவின் உடம்பும் யுகுலேலேயின் நாலு தந்தியும் கொண்ட சின்ன வாத்தியம் அது. அங்கிருந்து கிதாருக்கு வந்தார். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் பையன்களுக்கு 'தி ஷேடோஸ்' குழுதான் தெய்வம், அதன் கிதார்க்காரர் ஹேங்க் மார்வின்தான் மூலவர். 1960இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த அவர்களுடைய 'அப்பாச்சி'யில் பாடல் வரியே கிடையாது, மெட்டைக் கிதார் மட்டும் கொண்டுபோகும். ஆக, ஃபிராம்ப்டனுக்கு முதல் காதல் வாத்திய இசைதான். பாட்டு பிறகு வந்தது.

பிறகு வந்தது அவரை விழுங்கிவிட்டது என்றும் சொல்லலாம். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஸ்டீவ் மேரியட்டோடு சேர்ந்து 'ஹம்பிள் பை' குழுவைத் தொடங்கினார். 1971இல் அதைவிட்டு வெளியே வந்து தனியாக நாலு ஆல்பம் போட்டார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1976 ஜனவரியில் மேடைப் பதிவான 'ஃபிராம்ப்டன் கம்ஸ் அலைவ்!' இரட்டைத் தட்டு வந்தது. அமெரிக்காவில் பத்து வாரம் முதலிடம், விற்பனை அந்த நாட்டில் மட்டும் எண்பது லட்சத்துக்கு மேல். கூடவே ஒரு தொல்லையும் வந்தது. சுருட்டை முடியும் சட்டை இல்லாத மார்புமாகப் பத்திரிகை அட்டையில் படம் வர, கிதார் மேதையாகப் பெயர் எடுக்க வேண்டியவர் பள்ளிப் பெண்களின் படுக்கையறைச் சுவரில் போஸ்டராகிப் போனார். அடுத்த ஆண்டே சரிவு தொடங்கியது. 1978இல் கார் விபத்து, அதே ஆண்டில் படுதோல்வி அடைந்த ஒரு சினிமா. 1980 நவம்பரில் வெனிசுவேலாவின் கராகஸில் சரக்கு விமானம் ஒன்று நொறுங்கியபோது அதில் அவருடைய வாத்தியங்களும் எரிந்தன. 'கம்ஸ் அலைவ்' அட்டையில் அவர் கையில் இருக்கும் 1954ஆம் வருஷத்துக் கறுப்பு கிப்சன் லெஸ் பால் கிதாரும் அதில் போனதாகவே நினைத்தார்கள். அது போகவில்லை. 2011இல் குராசாவ் தீவிலிருந்து, கழுத்தில் தீக்காயத்தோடு, திரும்பி வந்தது. அந்தக் கிதாருக்கு 'ஃபீனிக்ஸ்' என்று பேர் வைத்தார், நாஷ்வில்லில் இருக்கும் தன் ஸ்டுடியோவுக்கும் அதே பேர். சினிமாவில் இப்படி வைத்தால் நம்ப மாட்டோம்.

ஃபிராம்ப்டன் என்றதும் ஆட்களுக்கு முதலில் நினைவு வருவது டாக் பாக்ஸ்தான். கிதாரைப் 'பேச' வைக்கும் கருவி. ஏதோ மாயம் மாதிரித் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது வெறும் பிளம்பிங். ஆம்ப்ளிஃபையரிலிருந்து வரும் கிதார் ஒலி வழக்கமான ஸ்பீக்கருக்குப் போகாமல் ஒரு சின்ன மூடிய பெட்டிக்குள் இருக்கும் டிரைவருக்குப் போகும். பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டியூப் மேலே ஏறும். அதன் நுனியை வாசிப்பவர் வாயோரம் கவ்விக்கொள்வார். கிதார் ஒலி இப்போது அவர் வாய்க்குள் நிறைகிறது. தொண்டையைப் பயன்படுத்தாமல் வாயை மட்டும் 'ஆ', 'ஓ', 'ஈ' என்று மாற்றினால், கிதார் 'ஆ', 'ஓ', 'ஈ' என்கிறது. முன்னால் நிற்கும் பாட்டு மைக் அதை எடுத்துக் கூட்டத்துக்குக் கொடுக்கிறது. ஃபிராம்ப்டன் இதை முதலில் பார்த்தது 1970இல், பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனின் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' ஆல்பப் பதிவில். பெயர் போடாமல் அதில் சாதாரணக் கிதார் வாசித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த நாஷ்வில்காரர் பீட் டிரேக், கிடத்தி வைத்து வாசிக்கும் பெடல் ஸ்டீல் கிதாரை இந்த டியூப் வழியாகப் பேச வைத்தார். பையனுக்கு வாய் பிளந்துபோனது. பிற்பாடு பாப் ஹைல் என்ற ஒலிப் பொறியாளர் செய்த பெட்டியோடு அவர் மேடையேறியதுதான் 1976.

இந்தக் கருவியில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. உயிரெழுத்து எல்லாம் அதில் அழகாக வரும். மெய்யெழுத்து பாதிதான் வரும். வாய் வடிவம் போதுமான ஒலிகள் பிழைக்கும். மூச்சும் தொண்டையும் தேவைப்படும் ஒலிகள் மங்கிப்போகும். கேட்பவர் ஏற்கெனவே பாட்டைத் தெரிந்தவராக இருந்தால் விடுபட்ட மெய்யைத் தானே போட்டுக்கொள்வார்.

இது எனக்குப் புதிய செய்தி இல்லை. நான் வளர்ந்தது பள்ளிபாளையத்தில். வீட்டுக்குப் பின்னால் விசைத்தறிப் பட்டறை. சுவரில் பலகை அடித்து அதன்மேல் டேப் ரெக்கார்டர் வைத்திருப்பார்கள், வால்யூம் முழுசாகத் திறந்திருக்கும். பத்துத் தறி ஓடும்போது, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். ஆனால் பாட்டு கேட்கும். சரியாகச் சொன்னால், மெட்டு கேட்கும், வரி கேட்காது. 'ச', 'த', 'க' மாதிரி மெய்யொலிகள் மிகக் குறைந்த சக்தியில், மேல் சுருதி அலைவரிசையில் வருபவை. இரைச்சல் முதலில் தின்பது அவற்றைத்தான். நீளும் உயிரொலிகளுக்குப் பலம் அதிகம், தாக்குப்பிடித்து வந்து சேரும். நாடாவுக்குள் நூல் சுற்றிய தார் மாற்றிக்கொண்டே உதட்டில் வரி பிசகாமல் பாடிக்கொண்டிருக்கும் அக்காக்களைப் பார்த்திருக்கிறேன். டேப் அவர்களுக்கு உயிரைக் கொடுத்தது, மெய்யை அவர்கள் போட்டுக்கொண்டார்கள்.

நாயனக்காரர்களுக்கு இது பால பாடம். முகூர்த்தம் முடிந்து பந்தி ஓடும்போது நாயனத்தில் சினிமாப் பாட்டு வரும். ஒரு வார்த்தை கிடையாது, ஆனால் கை கழுவ நிற்கிற வரிசை முழுக்க வாய்க்குள் பாடிக்கொண்டிருக்கும். கீர்த்தனை வாசிக்கும் வித்வான்கள் சாகித்தியத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் ஊதுவார்கள். எங்கே சொல் உடைகிறதோ அங்கே மூச்சும் உடைய வேண்டும். வாயில் வைத்து ஊதும் சீவாளியில் நாக்கைத் தட்டி 'து', 'து' என்று ஒலியை வெட்டுவதற்குத் துத்துகாரம் என்றே பெயர். அதுதான் நாயனத்தின் மெய்யெழுத்து. நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் நம்ம ராசிபுரத்துப் பக்கத்து ஆள்தான். அவர் வாசிப்பைக் கண்ணை மூடிக் கேட்டால் 'பாடுகிறார்' என்றுதான் சொல்லத் தோன்றும், 'ஊதுகிறார்' என்று வாயில் வராது.

கிதாரில் அந்த வேலையைச் செய்வது இரண்டு கை. வலது கையில் பிக் என்கிற மீட்டும் சில்லு தந்தியைத் தட்டும் விதம் வல்லினமா மெல்லினமா என்பதைத் தீர்மானிக்கும். ஓங்கித் தட்டினால் 'ட', விரல் சதையால் வருடினால் 'ம'. இடது கைதான் மிச்சம் எல்லாம். தந்தியை இழுத்து ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு ஏறுவது, விரலை அசைத்து நடுக்கம் கொடுப்பது, மீட்டாமலே விரலால் அடித்து அடுத்த சுரத்தை எழுப்புவது. நம்ம ஊர்க் காதுக்குச் சொன்னால், கமகம் முழுக்க இடது கையில் இருக்கிறது. தந்தியை அழுத்திப் பிடிக்கும் பலம் விரல்களை மடக்கும் தசைகளிலிருந்து வருகிறது.

ஃபிராம்ப்டனுக்குப் போய்க்கொண்டிருப்பது அந்தத் தசைகள்தான்.

நோயின் பெயர் இன்க்ளூஷன் பாடி மயோசைடிஸ். பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல் வரும் தசை அழற்சி. மெதுவாகத்தான் நகரும், ஆனால் நிற்காது. நிறுத்துகிற மருந்து இதுவரை இல்லை. முதலில் தாக்குவது தொடைத் தசைகளையும் விரல் மடக்கும் தசைகளையும். படி ஏறுவது சிரமமாகும், காரணமில்லாமல் விழுவார்கள், பாட்டில் மூடி திறக்க வராது. அவருக்கு 2015இல் நோய் உறுதியானது. வெளியே சொன்னது 2019 பிப்ரவரியில், கூடவே விடைபெறும் சுற்றுப்பயணத்தையும் அறிவித்தார். விரல் இருக்கும்போதே எவ்வளவு முடியுமோ அவ்வளவும் பதிவு செய்துவிட வேண்டும் என்று குழுவோடு ஸ்டுடியோவில் உட்கார்ந்துவிட்டார். 2019இல் 'ஆல் ப்ளூஸ்' வந்தது. அதற்கடுத்து வந்ததுதான் இந்த வார்த்தை மறந்த ஆல்பம்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருவோம். பாடத் தெரிந்தவர் ஏன் பாடாமல் விட்டார்? 'வாத்திய இசை என் முதல் காதல்' என்று அவர் சொன்னால் அது உண்மைதான். ஏற்கெனவே 2006இல் 'ஃபிங்கர்பிரின்ட்ஸ்' என்று முழுக்க வாத்திய ஆல்பம் ஒன்று போட்டிருக்கிறார். சிறுவயதுத் தெய்வம் ஹேங்க் மார்வின், ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸும் பில் வைமனும், பேர்ல் ஜாம் குழுவின் ஆட்கள் என்று பலர் வந்து வாசித்தார்கள். அதற்குத்தான் அடுத்த ஆண்டு கிராமி கிடைத்தது, அவருடைய முதல் கிராமி. எண்பது லட்சம் விற்ற குரலுக்குக் கிடைக்காதது, குரலே இல்லாத தட்டுக்குக் கிடைத்தது.

ஆனால் எனக்குத் தோன்றுவது வேறு. குரல் அவரிடம் இன்னும் கொஞ்ச காலம் இருக்கும். நாளைக்கு நாற்காலியில் உட்கார்ந்தும் பாடலாம். விரல் அப்படி இல்லை. ஆக, காத்திருக்கக் கூடியதை ஓரமாக வைத்துவிட்டு, காத்திருக்காததைப் பதிவு செய்திருக்கிறார். இது என் ஊகம்தான். ஆனால் இப்படி நினைத்துக்கொண்டு கேட்டால் ஆல்பத்தின் பல இடங்கள் துலங்குகின்றன. வேகம் காட்டும் ஆசை எங்கும் இல்லை. எழுபது வயது ராக் கிதார்க்காரர் தனி ஆல்பம் போட்டால், 'எனக்கு இன்னும் கை ஓடுது பார்' என்று நிமிஷத்துக்கு நானூறு சுரம் கொட்டுவது வழக்கம். இவர் ஒரு சுரத்தைப் பிடித்தால் அது முடியும்வரை விடுவதில்லை. பாடகர் எங்கே மூச்சு வாங்குவாரோ அங்கே இவரும் நிறுத்துகிறார். கிதாருக்கு மூச்சு வாங்க வேண்டிய அவசியமே கிடையாது.

எந்தப் பாட்டுகள் என்று பார்த்தால் பாதி அவருடைய சொந்த வாழ்க்கைதான். ஹாரிசனின் 'இஸன்ட் இட் எ பிட்டி' அந்த 1970 ஆல்பத்தில் உள்ளது, டாக் பாக்ஸைக் கண்டுகொண்ட அதே பதிவுக் காலம். பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியின் 'லவ்விங் தி ஏலியன்' இன்னும் நெருக்கம். ஃபிராம்ப்டனின் அப்பா ஓவன் ஃபிராம்ப்டன் பிராம்லியில் ஓவிய ஆசிரியர், போவி அவருடைய மாணவர். பள்ளிக்கூடப் படிக்கட்டில் இந்தப் பையன்கள் கிதாரோடு உட்கார்ந்து பழைய ராக் பாடகர் பட்டி ஹாலியின் பாட்டு வாசித்திருக்கிறார்கள். 1987இல் மார்க்கெட் சரிந்துகிடந்த ஃபிராம்ப்டனைப் போவி கூப்பிட்டுத் தன் 'கிளாஸ் ஸ்பைடர்' சுற்றுப்பயணத்தில் கிதார் வாசிக்க வைத்தார். சுவர்ப் போஸ்டர் பையன் இல்லை, வாத்தியக்காரன் என்று ஊர் மறுபடி பார்த்தது அப்போதுதான். போவி 2016இல் போய்ச் சேர்ந்தார். வாத்தியாரின் மகன் வாத்தியாரின் மாணவனுக்கு வாசிக்கும் பாட்டில் வரி எதற்கு.

மற்றதில் ஸ்லை ஸ்டோன், மார்வின் கே, ஸ்டீவி வொண்டர் என்று கறுப்பின சோல் இசை கொஞ்சம், ராக்ஸி மியூசிக்கின் 'அவலான்', அலிசன் கிராஸின் 'மேபி'. ரேடியோஹெட்டின் 'ரெக்கனர்' எடுத்திருப்பதைப் பார்த்து முதலில் புருவம் உயர்ந்தது, ஏனென்றால் மூலத்தில் அது அந்தக் குழுவின் பாடகர் டாம் யார்க்கின் கீச்சுக் குரலாலேயே நிற்கும் பாட்டு. கிதாரில் அது இன்னொரு மாதிரி நிற்கிறது, எனக்கு இந்த ஆல்பத்தில் பிடித்தது அதுதான். 'ட்ரீம்லேண்ட்' மூலத்திலேயே வரி இல்லாதது, ஜாக்கோ பாஸ்டோரியஸின் பேஸ் கிதார் பாடுவது. அதில் மறப்பதற்கு ஒன்றுமில்லை, ஏன் சேர்த்தார் என்றால் ஆசைக்குத்தான். லென்னி கிராவிட்ஸின் 'ஆர் யூ கோனா கோ மை வே' மட்டும் சப்பென்று இருக்கிறது. மூலத்தில் அது மெட்டே இல்லாத பாட்டு, திரும்பத் திரும்ப வரும் கிதார்ப் பிட்டும் கிராவிட்ஸின் கத்தலும்தான். கத்தலை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது எந்தக் கல்லூரி விழாவிலும் கேட்கக் கூடியது.

அப்படிச் சொன்னதும் எனக்கே ஒன்று உறைத்தது. தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் என்ஜினியரிங் படித்தபோது ஹாஸ்டலில் ஆங்கில ராக் கேசட் கைமாறும். உருவிய டேப்பை பென்சில் விட்டுச் சுற்றிக் கேட்போம். வரி என்ன என்று யாருக்குத் தெரியும்? தமிழ் மீடியத்தில் படித்து வந்த பாதிப் பேருக்கு அந்த உச்சரிப்பில் நாலு வார்த்தை பிடிபட்டால் பெரிசு. 'உய்ய்', 'யே', 'பேபி' என்று பாடிக்கொள்வோம். எங்களுக்கு அந்தப் பாட்டுகள் எல்லாம் முதலிலிருந்தே இன்ஸ்ட்ருமென்டல்தான், குரலும் ஒரு வாத்தியம், அவ்வளவுதான். ஃபிராம்ப்டன் தெரிந்தே மறந்த வரிகளை நாங்கள் தெரிந்துகொண்டதே இல்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' 1986இல் வந்தபோது, சினிமாப் பாட்டுக் கேட்டே வளர்ந்த ஊர்களில் அதற்கென்று ஒரு கூட்டம் சேர்ந்ததில் இந்தப் பழக்கத்துக்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

நண்பர் இன்னும் ஒரு படி மேலே. 'இஸன்ட் இட் எ பிட்டி' என்ற பாட்டு இருப்பதே அவருக்குத் தெரியாது. நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். "இருங்க, அந்த எடத்தைத் திரும்ப வைங்க" என்றார். சாதாரணமாகப் போய்க்கொண்டிருக்கும் மேஜர் கார்டுக்கு நடுவே சட்டென்று ஒரு டிமினிஷ்டு கார்டு வந்து மனசைச் சுருக்கும் இடம். ஹாரிசன் அங்கே என்ன வரியைப் பாடினார் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. மூன்று தடவை திரும்ப வைத்தேன். மூன்றாவது தடவை எழுந்துபோய், ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பின்னால் உறையோடு சாத்தியிருந்த கிதாரை எடுத்து வந்தார். தந்தி துருப்பிடித்திருந்தது. வேட்டி நுனியால் துடைத்துவிட்டு, சுருதி சேர்க்காமலே அந்தக் கார்டைத் தேடினார். இரண்டு முறை தப்பாக விழுந்தது.

"இதுல ரெண்டு வெரல் தள்ளி அமுக்கியிருக்காரு. நல்லாப் பலமாத்தான் அமுக்கியிருக்காரு" என்றார்.

விடைபெறும் சுற்றுப்பயணத்தில் கொரோனாவால் நின்றுபோன ஐரோப்பியப் பகுதிக்காக 2022 நவம்பரில் ஃபிராம்ப்டன் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசித்தார், நாற்காலியில் உட்கார்ந்தபடி. அதோடு விடவும் இல்லை. அடுத்த ஆண்டு மறுபடி கிளம்பினார், சுற்றுப்பயணத்துக்கு 'நெவர் சே நெவர்' என்று பெயர். 2024இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். இதையெல்லாம் நண்பரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது பைக்கில் ஒருவர் வந்து, வர்ற புதன்கிழமை நோம்பிக்கு எத்தனை பாக்ஸ் வரும், ஜெனரேட்டர் சேர்த்தா தனியா என்று கேட்டார். கிதாரை மேசைமேல் குப்புற வைத்துவிட்டு நண்பர் கணக்குப் போடப் போனார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர் அட்வான்ஸ் பணத்தை எண்ணிக்கொண்டே ஸ்பீக்கரைப் பார்த்து, "பாட்டு எப்பங்க வரும்?" என்றார்.